மூக்கு திறந்திருக்கிறது, மூச்சுதான் இல்லை

மூக்கடைப்புக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர், சில மாதங்களோ வருடங்களோ கழித்து, முன்பைவிட மூச்சு முட்டுகிறது என்று வந்து நிற்கிறார். லைட் அடித்துப் பார்த்தால் உள்ளே விசாலமான பாதை. ‘எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்கிறார் டாக்டர். வீட்டிலோ ‘மனப்பிரமை’ என்று முடித்துவிடுகிறார்கள். இந்த அவஸ்தைக்கு 1994-இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ‘எம்ப்டி நோஸ் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தாயிற்று.

சதை போனால் என்ன ஆகும்?

மூக்கின் பக்கச் சுவர்களில் டர்பினேட் என்ற சதை மடிப்புகள் உண்டு. ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கு’ என்பது பல நேரம் இவற்றின் வீக்கத்தைத்தான். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்குவது இவற்றின் வேலை. காற்று உரசும்போது உண்டாகும் குளிர்ச்சியை இங்குள்ள நரம்பு முனைகள் மூளைக்குச் சொல்வதால்தான் மூச்சு போவது நமக்குத் தெரிகிறது. ஆபரேஷனில் டர்பினேட்டை அளவுக்கு மீறி வெட்டினால் காற்று தாராளமாகப் போகும், போவதுதான் தெரியாது. வெட்டிக்கொண்ட எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வறட்சி, காற்று குறைந்த உணர்வு, மூச்சுத் திணறல், மூக்கு ‘ஓவென்று’ திறந்திருப்பது, பொருக்கு, எரிச்சல் என ஆறு தொல்லைகளுக்கும் 0 முதல் 5 வரை நோயாளியே மதிப்பெண் போடுகிறார். கூட்டுத்தொகை 11-ஐ எட்டினால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்தது பஞ்சுச் சோதனை. சதை இருந்த இடத்தில் ஈரப் பஞ்சை அரை மணி நேரம்போல வைக்கிறார்கள். மூக்கை அடைத்த பிறகு, ‘இப்போதுதான் மூச்சு விட முடிகிறது’ என்பார் நோயாளி!

என்ன செய்யலாம்?

அடைப்பு என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவது வினை. மிச்சமிருக்கும் சதையையும் அது சுருக்கும். உப்புநீரால் கழுவுதல், ஈரம் காக்கும் ஜெல், ஏசி அறையில் ஹியூமிடிஃபையர் ஆகியவை முதல்கட்டம். கழுவும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். தூக்கம் கெட்டு, மனச்சோர்வில் விழுபவர்கள் உண்டு. அவர்களுக்கு மனநல சிகிச்சையும் சேர்ந்தே நடக்கவேண்டும். இவை போதாதபோது, குருத்தெலும்போ வேறு பொருளோ வைத்து இழந்த பருமனை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். பஞ்சுச் சோதனையில் நிம்மதி கண்டவர்களுக்கு இது கைகொடுக்க வாய்ப்பு அதிகம்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் ஈஎன்டி டாக்டரிடம் கேளுங்கள்: “டர்பினேட்டை எடுக்கப் போகிறீர்களா, சுருக்கப் போகிறீர்களா? எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள்?”