கன்னியாவின் வெந்நீரும் அதன் உப்பும்

திருகோணமலை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாயின் ஈமக் கடனுக்காக இராவணன் நிலத்தை ஏழிடங்களில் வாளாற் குத்த, அங்கு நீர் பெருகிற்று என்பது மரபுக் கதை. இரசாயன நூலார் அந்நீரிடம் கேட்பது வேறொரு வினா. கடல் இவ்வளவு அண்மையில் இருக்க, இந்நீரிற் கரைந்துள்ள உப்பு கடல் தந்ததா, பாறை தந்ததா?

இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீரே பாறை வெடிப்புக்களின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி மீண்டும் மேலே வருகிறது. வரும் வழியிற் பாறையின் உப்புக்களைக் கரைத்துக்கொள்கிறது. ஆகவே, நீரின் உப்பு அது நடந்து வந்த பாதைக்குச் சான்றாகும்.

அச்சான்று கெடாதிருக்க வேண்டுமாயின், மாதிரி எடுப்பதிற் கவனம் வேண்டும். நீராடுவோர் வருமுன், விடியற்காலையில், நீர் ஊறும் இடத்துக்கு அண்மையிலேயே அள்ளுதல் நன்று. வெப்பநிலையையும் அமில காரத் தன்மையையும் அவ்விடத்திலேயே அளத்தல் வேண்டும். ஏனெனில், நீர் ஆறும்போது காபனீரொட்சைட்டு வெளியேறும்; கரைந்திருந்த சுண்ணாம்பும் படிந்துவிடலாம். கண்ணாடியிலிருந்து சிலிக்கா கரையக்கூடுமாதலால் பிளாத்திக்குப் போத்தல்களே ஏற்றவை. அந்நீரினாலேயே மும்முறை அலம்பிய இரு போத்தல்களில், வடிகட்டிய நீரை நிரப்புவர். சோடியம், கல்சியம் முதலிய உலோகங்களை அளப்பதற்குரிய போத்தலில் சிறிது நைத்திரிக்கமிலம் சேர்ப்பர். குளோரைட்டுக்குரிய மற்றையதில் அமிலம் சேர்த்தலாகாது.

ஆய்வுகூடத்தில், பொற்றாசியம் குரோமேற்றுச் சில துளிகள் இட்ட நீருக்கு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்ப்பர். முதலில் வெண்ணிறப் படிவு தோன்றும். குளோரைட்டு முழுவதும் தீர்ந்தவுடன் செங்கபில நிறம் தலைகாட்டும். அதுவரை செலவான கரைசலின் அளவு குளோரைட்டின் அளவைத் தரும். சிலிக்காவோ ஆழத்து வெப்பத்தைக் கூறும். படிகக்கல்லோடு சமநிலை எய்திய நீரில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் சிலிக்கா இருப்பின், அந்நீர் ஆழத்தில் ஏறத்தாழ 100 பாகை செல்சியசு வெப்பம் கண்டது எனக் கணிக்கலாம்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டும் 65 மில்லிகிராம் புரோமைட்டும் உள்ளன. அஃதாவது ஏறத்தாழ முந்நூற்றுக்கு ஒன்று. ஊற்றுநீரில் அவ்விகிதம் மாறுபடின், கடலுக்குப் புறம்பான மூலத்தைத் தேடுதல் வேண்டும். விகிதம் ஒத்திருந்தாலும், கடற்காற்று சுமந்து மழையிற் கலந்த உப்பா, நேரே புகுந்த கடல்நீரா என்பதை உப்பின் அளவு கொண்டே தீர்மானிக்க இயலும். கடல் அண்மை மட்டும் உப்பை நிர்ணயிப்பதில்லை. இலங்கையின் வெந்நீர் ஊற்றுக்களுள் உவர்ப்புக்குப் பேர்போனது, கரையோரத்தை விட்டு உள்ளே அமைந்த அம்பாந்தோட்டை மாவட்டத்து மகாபெலெச ஊற்றேயாகும்.

இவ்வாராய்ச்சி வெந்நீருக்கு மட்டும் உரியதன்று. உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர ஊர்களில் ஒரு கிணறு உவர்த்தால், கடல்நீர் புகுந்ததாயின் நீர் இறைப்பைக் குறைத்தல் பயன் தரலாம். உப்பு நிலத்துக்கே உரியதாயின் அம்முறை பயன்படாது. நன்னீருக்கு வேறிடம் தேடவேண்டியதே. நோயறியாமல் மருந்திடுதல் தகாது. செவ்வனே நிரப்பிய இரு போத்தல் நீர் அந்நோயை அறிய உதவும்.