மணி அடிக்க வேண்டாம், திரை மின்னட்டும்

அலுவலகத்தில் கணினி ‘டிங்’ என்றதும் எல்லாரும் கூட்டத்திற்கு எழுந்து போகிறார்கள். காது கேளாத ஊழியர் மட்டும் இருக்கையிலேயே இருக்கிறார். இப்படி நாலு தடவை நடந்தால் ‘கவனமில்லாதவர்’ என்ற பெயர் அவருக்கு வந்துவிடும். சம்பள உயர்வு பேசும் நேரத்திலும் அந்தப் பெயர்தான் முன்னால் வந்து நிற்கும்.

இதற்கான வசதி கணினியிலேயே இருக்கிறது. விண்டோஸ் 95 காலத்திலேயே ‘சவுண்ட் சென்ட்ரி’ என்ற பெயரில் வந்துவிட்டது. ஒலி எழும்போது திரை மின்னும். இன்றைய விண்டோஸ் 11-இல் ‘செட்டிங்ஸ்’, ‘அக்சசிபிலிட்டி’, ‘ஆடியோ’ என்று உள்ளே போனால், அறிவிப்பு ஒலிக்கும்போது எது மின்ன வேண்டும் என்று கேட்கும். சாளரத்தின் தலைப்புப் பட்டையா, சாளரம் முழுதுமா, திரை முழுதுமா? தலைப்புப் பட்டை சின்னது, கண்ணில் படாமல் போகலாம். திரை முழுதும் மின்னினால் தலையைத் திருப்பியிருந்தாலும் தெரியும். பக்கத்து மேசைக்காரர் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

ஆனால் ஒன்று. மின்னும் ஒளி, வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். இணையப் பக்கங்களில் ஒரு வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்ற விதி அதனால்தான் வந்தது. அருகில் அமர்பவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்னலைவிடப் பயனுள்ளது இன்னொன்று என்பேன். திரை மின்னினால் ஏதோ வந்திருக்கிறது என்றுதான் தெரியும். என்ன வந்தது என்று தெரியாது. மூலையில் தோன்றும் அறிவிப்புப் பெட்டியோ வழக்கமாக 5 வினாடியில் மறைந்துவிடும். தேநீர் ஊற்றித் திரும்புவதற்குள் போயே போய்விடும்! அதே ‘அக்சசிபிலிட்டி’யில் ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ பகுதியில் அந்த நேரத்தை 5 நிமிடம் வரை நீட்டலாம். ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டு வைத்திருந்தால் மட்டும் பெட்டி தோன்றாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேக் கணினியிலும் ‘அக்சசிபிலிட்டி’, ‘ஆடியோ’வில் திரையை மின்னச் செய்யலாம். ஐபோனில் அழைப்பு வந்தால் பின்பக்க விளக்கு மின்னும்படி வைக்கலாம். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இலும் இது உண்டு. காது மந்தமான தாத்தா பாட்டியின் கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளைகள் இன்றே இதைச் செய்து கொடுக்கலாம்.

அலுவலகக் கணினியில் இந்த அமைப்புகள் பூட்டப்பட்டிருந்தால், தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் திறந்துவிடச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சில நிமிட வேலைதான். பிறகு சக ஊழியர் ஒருவரை மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி, உங்கள் இருக்கையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.