சாவேஜ் 110

சாவேஜ் 110 என்பது ஐக்கிய அமெரிக்காவின் சாவேஜ் ஆர்ம்சு நிறுவனம் 1958 ஆம் ஆண்டு முதல் தயாரித்து வரும் போல்ட் இயக்க வேட்டைத் துப்பாக்கி ஆகும். குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் வெட்டப்பட்ட ரைபிள் வகையைச் சேர்ந்தது. நிக்கோலசு புரூவர் என்பவர் இதனை வடிவமைத்தார். பெயரிலுள்ள எண், ஏறத்தாழ 110 டாலராக இருந்த இதன் தொடக்க விலையைக் குறிப்பதாகச் சொல்வர். விலை குறைந்த துப்பாக்கி குறி தவறும் என்ற எண்ணத்தை மாற்றியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. குழலை உடற்பகுதியுடன் பொருத்தும் முறையே இதன் விலைக்குறைவுக்கு முதன்மைக் காரணமாகும்.

போல்ட் இயக்கம்

போல்ட் என்பது கதவின் தாழ்ப்பாளைப் போன்று இயங்கும் ஓர் எஃகு உருளை ஆகும். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் செல்லும். கைப்பிடியைக் கீழே மடக்கியதும் போல்ட்டின் முனையிலுள்ள இரு காதுகள் உடற்பகுதியின் பள்ளங்களில் சிக்கிப் பூட்டிக்கொள்ளும். .30-06 வகைத் தோட்டா வெடிக்கும்போது ஒரு சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் எழக்கூடும். அந்த அழுத்தத்தைத் தாங்குபவை இக்காதுகளே.

குழல் நட்டு

போல்ட்டின் முகப்புக்கும், தோட்டாவை அறைக்குள் தடுத்து நிறுத்தும் விளிம்புக்கும் இடையிலுள்ள தொலைவு எட்ஸ்பேஸ் எனப்படும். இது குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் தோட்டாவின் கூடு வெடிப்பின்போது நீண்டு, நடுவில் அறுந்துபோகலாம். அப்போது கொதிக்கும் வாயு பின்புறமாக, சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடும். இங்கு அனுமதிக்கப்படும் வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகள் மட்டுமே.

வழக்கமான துப்பாக்கிகளில் குழலின் தோள் பகுதி உடற்பகுதியில் முட்டி நிற்கும் வரை மரையால் முறுக்கப்படுகிறது. ஆகவே தோளையும் தோட்டா அறையையும் கடைசல் இயந்திரத்தில் துல்லியமாக வெட்ட வேண்டும். பிழை நேர்ந்தால் மீண்டும் கடைய வேண்டும். தேர்ந்த தொழிலாளியின் நேரம் அதில் செலவாகும். விலை ஏறுவதும் அங்கேதான்.

புரூவரின் வடிவமைப்பில் குழலுக்குத் தோள் இல்லை. நீண்ட மரையும், அதன் மீது ஒரு நட்டும் உள்ளன. தோட்டாவின் அளவில் செய்யப்பட்ட அளவுக் கட்டையை அறைக்குள் வைத்துப் போல்ட்டை மூடி, கட்டை தொடும் வரை குழலை முறுக்கி, பிறகு நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. உதிரிப் பாகங்களின் சிறு வேறுபாடுகள் யாவும் இந்த ஒரே திருகலில் சரிசெய்யப்பட்டு விடுகின்றன. இந்த நட்டைக் குழலின் அடியில் வெளிப்படையாகக் காணலாம். அதனால் துப்பாக்கி அழகு குன்றியதாகக் குறை கூறுவோர் உண்டு. அது உண்மையே, ஆயினும் அந்த அழகின்மையே வாங்குபவரின் பணத்தை மிச்சப்படுத்துகிறது.

போல்ட்டின் தலையும் தனித் துண்டாகச் செய்யப்பட்டு, ஒரு குறுக்கு ஆணியால் சற்றுத் தளர்வாகப் பிணைக்கப்பட்டுள்ளது. எனவே இரு காதுகளும் சுமையை ஏறத்தாழச் சமமாகத் தாங்குகின்றன. பிற தொழிற்சாலைகளில் கையால் தேய்த்துப் பெறப்படும் பொருத்தம் இங்குத் தானாகவே அமைகிறது.

வரலாறு

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு வின்செசுட்டர் 70 ஆகும். 1936 ஆம் ஆண்டு வெளிவந்த அத்துப்பாக்கி மிகுந்த கடைசல் வேலையுடன் செய்யப்பட்டது. செலவைக் குறைக்க 1964 ஆம் ஆண்டு அதன் அமைப்பு மாற்றப்பட்டபோது வேட்டைக்காரர்கள் முகம் சுளித்தனர். 1964 க்கு முற்பட்டவை இன்றும் கூடுதல் விலைக்குப் போகின்றன. விலையுயர்ந்த ஒன்றைப் பின்னர் மலிவாக்குவதும், மலிவாகச் செய்வதற்கென்றே ஒன்றை வடிவமைப்பதும் வேறு வேறு என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

1959 ஆம் ஆண்டு 110 இன் இடக்கை வடிவம் வெளிவந்தது. 1988 ஆம் ஆண்டு நிறுவனம் நொடிப்பு நிலையை அடைந்தது. ரொனால்ட் கோபர்ன் பொறுப்பேற்றபின் பல மாதிரிகள் கைவிடப்பட்டு, 110 ஐ நம்பியே நிறுவனம் மீண்டெழுந்தது. 2000களின் தொடக்கத்தில் அக்யூடிரிகர் என்னும் விசை அமைப்பு சேர்க்கப்பட்டது. விசையின் நடுவிலுள்ள மெல்லிய தகட்டை அழுத்தாமல் துப்பாக்கி வெடிக்காது. அதனால் விசையை மிக இலகுவாக்கியபோதும் துப்பாக்கி கீழே விழுந்து வெடிக்கும் இடர் குறைந்தது.

2010 ஆம் ஆண்டு இதைவிடவும் விலை குறைந்த எட்சு வெளியிடப்பட்டு, பின்னர் ஆக்சிசு எனப் பெயர் மாற்றப்பட்டது. ரூகர் அமெரிக்கன், ரெமிங்டன் 783 போன்ற போட்டியாளர்களின் மலிவு விலைத் துப்பாக்கிகளும் குழல் நட்டையே பயன்படுத்தின.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

100 கெஜத் தொலைவில் ஓர் அங்குல வட்டத்துக்குள் மூன்று குண்டுகள் விழுந்தால் அது நல்ல வேட்டைத் துப்பாக்கி எனப்படுகிறது. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலமுடையது. எனவே விலையுயர்ந்த துப்பாக்கியின் கூடுதல் துல்லியம் மான் வேட்டைக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மிச்சமாகும் பணத்தைத் தொலைநோக்கிக்கும் பயிற்சித் தோட்டாக்களுக்கும் செலவிடுவதே அறிவுடைமை. தரமற்ற தொலைநோக்கி ஒவ்வொரு அதிர்விலும் குறி விலகும். குறி விலகிய குண்டு மானை உடனே கொல்லாமல் காயப்படுத்தி ஓடவிடும்.

தோட்டா வகையைப் பொறுத்தவரை .308 வின்செசுட்டர், .30-06 ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. அதிர்வு குறைவாக வேண்டுவோர் .243 வின்செசுட்டர் அல்லது 2007 ஆம் ஆண்டு அறிமுகமான 6.5 கிரீட்மூர் வகையைத் தேர்வர்.

பழைய துப்பாக்கியை வாங்குவோர் நட்டை உற்றுநோக்க வேண்டும். அதில் சுத்தியல் தழும்போ கருவியின் கீறலோ இருந்தால், யாரோ குழலைக் கழற்றி மாற்றியிருக்கக்கூடும். தொழிற்சாலையின் வேலையை எளிதாக்கிய அதே நட்டு, வீட்டிலேயே குழல் மாற்றவும் வழிசெய்கிறது. அளவுக் கட்டை இன்றிச் செய்யப்பட்ட மாற்றம் உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய துப்பாக்கியின் எட்ஸ்பேசைத் துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் அளந்து பார்க்கும் வரை அதைச் சுடக்கூடாது.

ஐக்கிய அமெரிக்காவில் உரிமம் பெற்ற வணிகரிடம் ரைபிள் வாங்க, கூட்டரசுச் சட்டப்படி 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்குபவர் 4473 எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 ஆம் ஆண்டு முதல் அவரது பின்புலமும் சரிபார்க்கப்படுகிறது. சில மாநிலங்களில் இதைவிடக் கடுமையான விதிகள் உள்ளன.