தாத்தாவின் மாத்திரை ஏன் ஊசியாக மாறியது?

மாணவர்களே, மெர்போக்கிலோ சுங்கைப் பட்டாணியிலோ உங்கள் உறவினர் யாருக்காவது இனிப்பு நீர் இருக்கலாம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது.

தொடக்கத்தில் மெட்ஃபோர்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்ட தாத்தாவுக்குச் சில ஆண்டுகளில் மருத்துவர் இன்சுலின் எழுதித் தருகிறார். "நோய் முற்றிவிட்டது" என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நடந்தது என்ன?

இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. ஈடுகட்ட, கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை களைத்துக் குறைகின்றன. மெட்ஃபோர்மின் முக்கியமாகக் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையைக் குறைக்கும். இல்லாத இன்சுலினை அதனால் தர முடியாது. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

சிலருக்கு நோயின் பெயரே மாறும். இரண்டாம் வகை என்று கருதப்பட்டவருக்கு மாத்திரை பலிக்காதபோது, இரத்தத்தில் எதிர்ப்பொருள்களைச் சோதிப்பார்கள். அவை இருந்தால், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே பீட்டா உயிரணுக்களைத் தாக்கும் முதலாம் வகையாக இருக்கலாம். அவர்களுக்கு இன்சுலின் உயிர்காக்கும் மருந்து. பயந்து நிறுத்தினால் ஆபத்து.

இன்சுலின் போடும் தாத்தாவுக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை குறைந்திருக்கலாம். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.