"யாரப் புடிச்ச தம்பி?"



தீர்த்தமலையில் எங்கள் ராகிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காட்டு அக்கா வரப்பில் வந்து நின்று கேட்டார்: "உனக்கு நாலு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டாயிரம் வருதாமே, யாரப் புடிச்ச தம்பி?"

"யாரையும் புடிக்கலக்கா, அது விதிப்படி வர்றது" என்றேன். அவர் நம்பவில்லை. அரசுப் பணம் கட்சிக்காரர் தயவில்தான் வரும் என்று ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது.

அந்தப் பணம் பி.எம். கிசான். 2019 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கே வரும். சொந்தப் பெயரில் நிலம் இருக்க வேண்டும். யாருக்குக் கிடையாது என்பதும் விதியிலேயே இருக்கு: இந்நாள், முன்னாள் அமைச்சர்கள், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், மாநகராட்சி மேயர்கள், மாவட்ட ஊராட்சித் தலைவர்கள், வருமான வரி கட்டுபவர்கள். ஆக, பெரிய பதவிக்காரர்களைத் தள்ளி வைத்த திட்டம் இது.

அப்புறம் எப்படிக் களவு போச்சு? 2020 கொரோனா காலத்தில், விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிந்துகொள்ள வசதி இருந்தது. அந்த விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் அலுவலகப் பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போனது. புரோக்கர்களும் சில கம்ப்யூட்டர் சென்டர்களும் சென்ட் நிலம் இல்லாதவர்களையும் விவசாயி ஆக்கினார்கள். கொரோனா நிவாரணம் என்று நம்பியே ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்தவர்கள் பலர்.

அந்த செப்டம்பரில் வேளாண்துறை கணக்கு சொன்னது: தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 2,000 ரூபாய், ஒரு தவணை. மோசடி நடந்த மாவட்டங்களில் நம்ம தருமபுரியும் ஒன்று. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஒப்பந்தப் பணியாளர்கள் வேலை இழந்தார்கள்; அதிகாரிகள் சிலர் இடைநீக்கம் ஆனார்கள்.

அரசியல்வாதிகள்? எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. ஆளுங்கட்சியைக் குற்றம் சொன்னது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, மத்திய அரசு பதிவு விதியைத் தளர்த்தியதுதான் காரணம் என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்களே தவிர, ஊர்ப் பட்டியலை ஊர்ச் சனங்கள் முன்னால் வாசிக்கணும் என்ற பேச்சு எங்கள் காதில் விழவில்லை.

இதில் உண்மையான இழப்பு யாருக்கு? அந்த அக்கா இரண்டு ஏக்கர் குத்தகைக்கு உழுகிறார். உழைப்பு அவருடையது, பட்டா வேறொருவர் பேரில். விதிப்படி அவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. மண்ணையே மிதிக்காதவன் பெயர் பட்டியலில் ஏறியது. மண்ணிலேயே கிடப்பவர் பெயர் ஏறவில்லை.

நம்மால் செய்ய முடிந்தது நான்கு.

ஒன்று, பி.எம். கிசான் இணையதளத்தில் மாவட்டம், வட்டாரம், கிராமம் வாரியாகப் பயனாளிகள் பட்டியலைப் பார்க்கலாம். படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, கிராம சபையில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று சபை கூடும் நாட்கள் நமக்குத் தெரிந்தவைதான்.

மூன்று, பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நான்கு, ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இது எந்தத் தலைவரும் தன் பையிலிருந்து எடுத்துத் தருகிற பணமில்லை. தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் கட்டுகிற வரிதான். நம் பணத்துக்கு நாம்தான் கணக்குக் கேட்கணும்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப குத்தகைக்காரங்களையும் சேர்க்கணும்னு கிராம சபையில தீர்மானம் போடச் சொல்லலாமா?" என்றார். போடச் சொல்லலாம். அடுத்த சபைக்கு நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். உங்கள் ஊரில் நீங்களும் போங்கள்.