ஆலை யாரிடமோ, விலை அவரிடம்!
செம்பனைச் செல்வரின் வாழ்க்கை கொல்லிமலை விவசாயிக்குச் சொல்லும் கணக்கு

கொல்லிமலையில் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிவிட்டால் அதை வீட்டில் வைத்துக் காக்க முடியாது. இரண்டு மூன்று நாட்களில் கிழங்கு கறுத்துக் கெடத் தொடங்கும். லாரி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி, நாமக்கல், சேலம் பகுதி சேகோ ஆலைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். விலை கட்டவில்லை என்று கிழங்கைத் திருப்பி மலைக்கு ஏற்றிவர எந்த விவசாயியாலும் ஆகாது.

பாமாயில் தரும் செம்பனையைப் பயிரிடுவோருக்கும் இதே நிலைதான். குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குறைந்துவிடும். இத்தொழிலில் பெருஞ்செல்வரான மலேசியாவின் லீ ஷின் செங் என்பவரின் வாழ்க்கை, நம் விவசாயிகளும் அறிந்துகொள்ளத்தக்கது.

ஐஸ்கிரீம் விற்ற சிறுவன்

1939இல் பிறந்த லீ, ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். தந்தை அங்கே சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். அந்நாட்டு ரப்பர் தோட்டங்களில் அக்காலத்தில் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கினர், சேலம், திருச்சி போன்ற ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போன நம்மவர்களின் குடும்பத்தினரே.

வறுமையால் 11 வயதில் படிப்பை விட்ட லீ, சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடிந்து ஒரு தோட்டக் கம்பெனியில் வேலை கேட்டபோது, ஆங்கிலம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறொரு தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. மரத்தையும் மண்ணையும் அங்கேதான் கற்றார்.

தோட்டத்தோடு நிற்கவில்லை

தொழிற்சாலைகளுக்கு வாயு தயாரிக்க 1969இல் துவங்கப்பட்ட ஐ.ஓ.ஐ. கம்பெனி, பின்னர் அவர் கைக்கு வந்தது. 1980களில் செம்பனையில் இறங்கிய அவர், 1990 வாக்கில் டன்லப் எஸ்டேட்டுகளையும் வாங்கினார்.

அவர் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. குலையைப் பிழியும் ஆலை, எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை, சோப்பு முதலியவற்றுக்கு மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை என்று ஒவ்வொரு படியாக ஏறினார். சாக்லேட், பிஸ்கட் வகைகளுக்குக் கொழுப்பு தயாரித்த நெதர்லாந்தின் லோடர்ஸ் குரோக்லான் கம்பெனியை 2002இல் வாங்கினார். குலை விலை இறங்கினாலும் அடுத்த படியில் ஈடுகட்ட வழி இருந்தது. குலையை மட்டும் விற்கும் சிறு விவசாயிக்கு அந்த இரண்டாவது படி கிடையாது.

செல்வத்துக்கும் ஒரு கடிவாளம் உண்டு. இந்தோனேசியாவில் இந்தக் கம்பெனியின் தோட்டங்களுக்காகக் காடும் கரி மண் நிலமும் அழிக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. 2016இல் சர்வதேச பாமாயில் அமைப்பு அதன் தரச் சான்றிதழைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. பெரிய கம்பெனிகள் பல கொள்முதலை நிறுத்தின. குறைகளைத் திருத்துவதாக ஏற்ற பிறகே சான்றிதழ் திரும்பக் கிடைத்தது.

லீ 2019இல் காலமானார். செம்பனைத் தொழில் மூத்த மகன் பொறுப்பிலும், கட்டடத் தொழில் இளைய மகன் பொறுப்பிலும் வந்தன.

மலைக்கு ஏற்ற வழி

செம்பனை தாழ்வான, வெப்பமான, நீர்வளமுள்ள பூமிக்கே உரியது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த குளிர்ந்த கொல்லிமலைக்கு அது ஏற்றதல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது மரத்தை அல்ல, கணக்கைத்தான்.

அடுத்த படிக்கு ஏறக் கோடிகள் தேவையில்லை என்பதற்குக் கொல்லிமலையிலேயே சான்று உண்டு. சாமை, தினையைப் பெண்கள் உரலில் குத்தி ஓய்ந்த காலம் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் கிராமக் குழுக்களிடம் சிறு அரவை இயந்திரங்கள் வந்தன. வேலைப் பளு குறைந்ததோடு, தானியமாக விற்றதை அரிசியாகவும் மாவாகவும் விற்க வழி பிறந்தது.

மரவள்ளி போடுவோரும் சிலவற்றைக் கவனிக்கலாம். பிடுங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று ஆலைகளின் விலையை விசாரித்து, லாரி உறுதியான பிறகே வேலை துவங்க வேண்டும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே லாரியில் ஏற்றினால் வாடகை குறையும். மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ பார்த்தே விலை போடுவதால், பார்க்கும்போது ஒருவர் உடனிருப்பது அவசியம். வெயில் காலத்தில் ஒரு பகுதியைச் சீவி உலர்த்திச் சிப்ஸாக வைத்தால், அவசரத்துக்கு விற்கும் நிலை தவிரும். முன்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஐஸ்கிரீம் விற்ற சிறுவன் தனியாக ஏறினார். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக ஏற முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முதல் படியாவது ஏறலாம்.