ஒரே நாளில் அணைந்த இரண்டு நெருப்புகள்

2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனில் இரண்டு நெருப்புகள் அணைந்தன. ஒன்று, நாட்டிங்ஹாம்ஷயரில் இருந்த ராட்கிளிஃப் அனல் மின் நிலையம். அந்நாட்டில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் அதுதான். 1882-இல் லண்டனில் தாமஸ் எடிசனின் நிறுவனம் தொடங்கிய நிலக்கரி மின்சாரக் காலம் 142 ஆண்டுகளுக்குப் பிறகு அன்றோடு முடிந்தது. மற்றொன்று, வேல்ஸ் பகுதியில் போர்ட் டால்பட் ஊரில் டாடா ஸ்டீல் நடத்திவந்த ஆலையின் கடைசி ஊதுலை. இரண்டுமே நிலக்கரியை நம்பி வாழ்ந்தவை. இரண்டும் அணைந்ததால் பிரிட்டனின் கரியமில வாயுக் கணக்கு குறைந்தது. ஆனால் உலகத்தின் கணக்கில் இரண்டுக்கும் ஒரே பலன் கிடைத்துவிடவில்லை. ஏன் என்று பார்த்தால், புவி சூடாவதைத் தடுக்கும் வேலையில் நாம் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ததாக நம்பி ஏமாறக் கூடாது என்பது புரியும்.

பசுங்குடில் வாயுக்களைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தாலே மரம் நடுவது, காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் இயந்திரங்கள் என்று உரையாடல் திரும்பிவிடுகிறது. இரண்டும் பயனுள்ளவையே. ஆனால் வெளியே வந்துவிட்ட வாயுவைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஓர் எண் சொல்லிவிடும். காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால் அவற்றில் கரியமில வாயு 420-க்குச் சற்று அதிகம். தொழிற்புரட்சிக்கு முன்பு இது 280 ஆக இருந்தது. நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கியிலோ நூற்றுக்குப் பத்துக்கும் மேல் அதே வாயுதான். பாலில் கலக்கும் முன் சர்க்கரையை எடுத்துவைப்பது எளிது. கலந்த பிறகு பிரிப்பது பெரும்பாடு. மரத்தின் கதையும் இதைப்போலத்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் பத்திரமாகக் கிடந்த கரியை ஒரே நாளில் எரித்துவிட்டு, வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும் காட்டின் பொறுப்பில் விடுகிறோம். அந்தக் காடு தீப்பிடித்தால் சேமித்த கரி மீண்டும் காற்றுக்கே போகும். ஒருமுறை சேர்ந்த கரியமில வாயுவில் கணிசமான பங்கு நூற்றாண்டுகள் கடந்தும் காற்றில் தங்கும். ஆகவே முதல் வேலை, அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவது.

இதைச் செய்ய முடியும் என்பதற்கு பிரிட்டனின் மின்துறையே சான்று. 2012-இல் அந்நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் அது பூஜ்யத்துக்கு வந்தது. 2008-இல் இயற்றிய பருவநிலைச் சட்டம், ஐந்தைந்து ஆண்டுகளுக்கு இவ்வளவுதான் வெளியிடலாம் என்ற வரம்பை அரசின் கடமையாக்கியது. காற்று மாசு பற்றிய ஐரோப்பிய விதிகள் பழைய நிலையங்களைச் செலவு செய்து சீராக்கு, இல்லையேல் மூடு என்றன. 2013 முதல், ஐரோப்பியச் சந்தை விலைக்கு மேலாக, கரியமில வாயுவுக்கென்று பிரிட்டன் தனியே ஒரு கட்டணம் விதித்தது. அது டன்னுக்கு 18 பவுண்டு வரை உயர்ந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவைக் கக்கும் நிலக்கரி நிலையங்கள் சந்தையில் நிற்க முடியாமல் போயின. இன்னொரு பக்கம், காற்றாலை அமைப்போருக்கு நிலையான விலை தருவதாக அரசு ஏலத்தின் வழியே பல ஆண்டு ஒப்பந்தம் செய்தது. கடலில் காற்றாலைகள் பெருகின. 2024-இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 30 விழுக்காடு காற்றிலிருந்து கிடைத்தது. கட்டணம் பழையதைத் துரத்தியது. ஒப்பந்தம் புதியதை அழைத்துவந்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்த வேகம் வந்திருக்காது.

இந்த வெற்றியை அதன் குறைகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நிலக்கரி விட்ட இடத்தில் ஒரு பகுதியை இயற்கை எரிவாயு பிடித்துக்கொண்டது. எரிவாயு, நிலக்கரி வெளியிடுவதில் ஏறத்தாழ பாதியளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது. டிராக்ஸ் என்ற பெரிய நிலையம் நிலக்கரியை விட்டு, வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரத்துகள் உருண்டைகளுக்கு மாறியது. மரம் மீண்டும் வளரும் என்ற அடிப்படையில் அந்தப் புகை மின் நிலையத்தின் கணக்கில் சேர்வதில்லை. அறிவியலாளர் பலர் இதை ஏற்கவில்லை. வீடுகளோ பெரும்பாலும் எரிவாயுக் கொதிகலன்களால்தான் குளிர் காய்கின்றன. போக்குவரத்து இப்போது நாட்டின் மிகப் பெரிய உமிழ்வுத் துறையாகிவிட்டது. மொத்த உமிழ்வு 1990-ஐவிடப் பாதிக்கும் கீழே வந்திருந்தாலும், அதில் பெரும் பங்கு மின்துறையின் உழைப்பு. ஒரு துறையில் ஊற்றை அடைத்துவிட்டு மற்றத் துறைகளில் வேடிக்கை பார்த்தால் மீதிப் பாதி அப்படியே நிற்கும்.

இவ்வளவு செய்த பிரிட்டனில் மின்கட்டணம் ஏறித்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022-இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது பிரிட்டனில் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்தது. ஆனால் காரணம் எரிவாயு. பிரிட்டனின் மின்சந்தையில் பல நேரங்களில் கடைசியாக இயக்கப்படும் எரிவாயு நிலையத்தின் செலவுதான் எல்லோருக்குமான விலையாகிறது. புதைபடிவ எரிபொருளை மிச்சம் வைத்ததற்குக் கொடுத்த விலையென்றே இதைக் கொள்ள வேண்டும். காற்றாலையும் இலவசமல்ல என்பதும் உண்மை. ஏலத்தில் கடல் காற்றாலை மின்சாரத்தின் விலை 2015-லிருந்து 2019-க்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் இரும்பு விலையும் வட்டியும் ஏறிய 2023-இல், அரசு வைத்த உச்ச விலை கட்டாது என்று கடல் காற்றாலைக்கு ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. காசு குறித்த கவலையை இலட்சியம் பேசித் தள்ளிவிட முடியாது. விதிகளைத் திருத்தித்தான் தீர்க்க முடியும்.

இப்போது இரண்டாவது நெருப்புக்கு வருவோம். எஃகு ஆலையில் நிலக்கரி வெறும் எரிபொருள் மட்டுமல்ல. இரும்புத் தாதுவில் இரும்போடு ஆக்சிஜன் ஒட்டிக்கிடக்கிறது. ஊதுலையில், நிலக்கரியிலிருந்து செய்யும் கல்கரியிலிருந்து உருவாகும் வாயு அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு. காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவந்து ஊதுலையில் இணைத்தால் இது தீராது. எஃகு செய்யும் முறையே மாற வேண்டும். போர்ட் டால்பட்டில் 125 கோடி பவுண்டு செலவில், அதில் 50 கோடி அரசுப் பணத்தில், பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலை வரவிருக்கிறது. அது வரும்வரை எஃகுப் பாளங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவற்றைச் செய்யும்போது எழும் புகை வேறு நாட்டின் கணக்கில் ஏறுகிறது.

அதே 2024 செப்டம்பரில், போர்ட் டால்பட் உலை அணைவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒடிசாவின் கலிங்கநகரில் அதே டாடா ஸ்டீல் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையை ஏற்றியது. அங்கே மூடியதால் இங்கே திறந்தார்கள் என்று சொல்வது தவறு. கலிங்கநகர் விரிவாக்கம் இந்தியாவின் சொந்தத் தேவைக்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிடப்பட்டது. ஆனாலும் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. மின்துறையில் நிலக்கரியின் இடத்துக்குக் காற்று வந்தது; அதனால் ஊற்றே வற்றியது. எஃகில் தாதுவிலிருந்து கரியில்லாமல் இரும்பு எடுக்கும் முறை பெருமளவில் வரவில்லை. அதனால் ஓரிடத்தில் நின்ற புகை இன்னோரிடத்தில் எழுகிறது. காற்றுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆகவே உமிழ்வு குறைந்தது என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புகை நின்றதா, இடம் மாறியதா?

மாற்று முறை கனவல்ல. ஸ்வீடனின் லூலியோ நகரில் ஹைபிரிட் என்ற கூட்டுத் திட்டம், கல்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவின் ஆக்சிஜனை நீக்கியது. புகைக்குப் பதில் நீராவி வருகிறது. 2021-இல் அந்த எஃகு வால்வோ நிறுவனத்துக்குச் சென்றது. தடை, செலவு. புகை இலவசமாக இருக்கும்வரை சுத்தமான எஃகு விலையில் தோற்றுக்கொண்டேயிருக்கும். இதற்காகத்தான் இறக்குமதியாகும் எஃகு, சிமென்ட், அலுமினியம் போன்றவற்றின் கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் எல்லைக் கட்டணம் விதிக்கிறது. இரண்டு நூற்றாண்டு எரித்துப் பணக்காரர்களான நாடுகள் இப்போது நம்மிடம் வசூலிப்பதா என்ற இந்தியாவின் கோபத்தில் நியாயம் உண்டு. நம் தலைக்குரிய கரியமில வாயு உலக சராசரியில் பாதிகூட இல்லை. அந்த வசூல் தொழில்நுட்பமாகவும் நிதியாகவும் ஏழை நாடுகளுக்குத் திரும்பி வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஆனால் அந்த நியாயம் நம் உலைகளின் ஆயுளைக் குறைத்துவிடாது. இன்று ஏற்றும் ஊதுலை, பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியையும் தாண்டி எரியும். 2030 வாக்கில் 30 கோடி டன் எஃகுத் திறன் என்பது இந்தியாவின் இலக்கு. எந்த முறையில் அதை எட்டுகிறோம் என்பதை இந்தச் சில ஆண்டுகள்தான் முடிவு செய்யும்.

இந்த வாதம் முழுமை பெற உழைப்பாளிகளைப் பற்றியும் பேச வேண்டும். நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தப்போவதாக பிரிட்டன் அரசு 2015-லேயே அறிவித்தது. ராட்கிளிஃப் ஊழியர்களுக்குத் தயாராக ஒன்பது ஆண்டுகள் இருந்தன. போர்ட் டால்பட்டில் 2024 தொடக்கத்தில் முடிவு சொல்லி, அந்த ஆண்டுக்குள்ளேயே உலைகள் அணைந்தன. சுமார் 2,800 வேலைகள் போவதாகச் சொன்னார்கள். 1980-களில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்ட ஊர்களின் காயம் அந்நாட்டில் இன்னும் ஆறவில்லை. ஒரு நெருப்பை அணைக்கும் தேதியை முன்பே சொல்வது, புதிய வேலையை அதே ஊருக்குக் கொண்டுவருவது, இரண்டையும் சட்டத்தில் எழுதுவது என்பவை தயவு காட்டும் செயல்களல்ல. இவை இல்லாமல் மக்கள் இந்த மாற்றத்தின் பக்கம் நிற்க மாட்டார்கள். நிலக்கரி மின்சாரத்தையும் சுரங்கத்தையும் நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழும் இந்தியா இந்தப் பாடத்தை இப்போதே படித்துவைக்க வேண்டும். நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரி தருவதுதான். எந்த நிலையம் எந்த ஆண்டு மூடும், அந்த ஊர் அதன்பின் எதனால் பிழைக்கும் என்று சொல்லும் பட்டியல் ஒன்று வரட்டும். ஊற்றை அடைக்கும் வேலை அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்கும்.